சாமிதுரையின் சுவரும் என் வண்டியின் வெளிச்சமும்

பெரம்பலூரில் துறையூர் சாலையில் ஒரு திருமண மண்டபத்தின் சுற்றுச்சுவருக்கு எதிரே, பெயர்ப்பலகை இல்லாத ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை ஒன்று இருக்கிறது. அதை நடத்துபவர் சாமிதுரை. கடைக்குப் பெயர் இல்லாததால் ஊர் வைத்த பெயர்தான் நிலைத்தது: செவுத்துக்கடை. வண்டி ஓட்டுபவர்களிடம் கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். முகப்பு விளக்கில் பழுது என்றால் கேட்காமலேயே சொல்வார்கள்.

சுவர் மண்டபத்தாருடையது. அதில் இருக்கும் கோடுகள் சாமிதுரையுடையவை. தூக்குக்குண்டு பிடித்துக் கரியால் இழுத்த ஒரு செங்குத்துக் கோடு நிரந்தரமாக இருக்கும். சுவரிலிருந்து சரியாக இருபத்தைந்து அடி தள்ளித் தரையில் ஒரு வெள்ளைப் பட்டை. வண்டியின் விளக்கு அந்தப் பட்டைக்கு நேராக நிற்க வேண்டும். பிறகு அந்த வண்டியின் விளக்கு உயரத்தை நாடாவால் அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் குறுக்குக்கோடு போடுவார். டிப் அடித்து விளக்கைத் தாழ்த்தினால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்க வேண்டும். நின்றால்தான் வண்டி கடையை விட்டு நகரும். அரை விரல் கூடினாலும் திருப்புளியை எடுத்துக்கொண்டு மறுபடி குனிவார்.

ஒவ்வொரு முகூர்த்த மாதத்துக்கு முன்பும் மண்டபத்தார் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். கரிக்கோடு அழிந்துவிடும். மறுநாள் காலையில் சாமிதுரை தூக்குக்குண்டோடு வந்து நிற்பார். ஒருமுறை ரோஸ் நிறம் அடித்துவிட்டார்கள். அவர் நேராக மண்டபத்துக்குள் போய், "ரோஸ் செவுத்துல வெளிச்சத்தோட வெளும்பு தெரியலைங்க. பத்தடிக்கு மட்டும் வெள்ளை அடிச்சுக்கட்டுமா" என்று கேட்டார். மேலாளர் தலையிலடித்துக்கொண்டே சம்மதித்தார். அந்த ஆண்டு திருமணப் புகைப்படங்களில் ரோஸ் சுவருக்கு நடுவே ஒரு வெள்ளைக் கட்டம் தெரியும்.

சாமிதுரை அரும்பாவூர்க்காரர். விவசாயக் குடும்பம். மோட்டார் காயில் கட்டப் பழகி, அங்கிருந்து வண்டி மின்சாரத்துக்கு வந்தவர். குள்ளமானவர். எல்.இ.டி. விளக்கைப் பார்க்கும்போது, தம் கண் அறுவைக்குப் பின் மருத்துவமனையில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். அதன் ஒரு காது உடைந்து காப்பர் கம்பியால் கட்டப்பட்டிருக்கும். விளக்கை நிலைப்படுத்தும்போது வண்டிக்காரரை இறங்க விடமாட்டார் என்பது அவருடைய இன்னொரு பழக்கம்.

"எறங்காதீங்க. சீட்டுல உக்காருங்க. உங்க எடையும் வெளிச்சத்துல சேத்திதான்."

பருத்த ஆள் என்றால், "நேத்து இருந்த எடைதானா, இல்ல காலையில பொங்கல் சாப்ட்டீங்களா" என்று சேர்த்துக் கேட்பார். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் திருப்புளியைத் தொடுவார். இவ்வளவு கவனமுள்ள ஒருவரிடம் ஒரு தவறு நேர்ந்தது. அந்தத் தவறில் நான் சம்பந்தப்பட்டிருக்கிறேன். சம்பந்தப்பட்ட ஆவணங்கள் என்னிடம் இருப்பதால் அதை வரிசைப்படி எழுதுகிறேன்.

நான் குன்னத்தில் குட்டியானை என்று எல்லாரும் சொல்லும் சிறிய சரக்கு வண்டி வைத்திருக்கிறேன். சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி ஏற்றுவேன். பருவத்தில் விடியுமுன் வெங்காயத்தோடு திருச்சி மண்டிக்குப் போக வேண்டும். பழைய ஹாலஜன் பல்புகள் மஞ்சளாக, சோர்ந்துபோன வெளிச்சம் தந்தன. எதிரே சிமெண்டு லாரி வந்தால் என் விளக்கு எரிகிறதா என்று எனக்கே ஐயம் வரும். எனவே எல்.இ.டி. பல்புகளைப் பற்றி மூன்று மாதம் படித்தேன். வாட், லூமன், விசிறி, வெப்பத்தகடு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். லப்பைக்குடிக்காட்டில் ஒரு கடையில் ஒரு ஜோடி வாங்கி, பெட்டியோடும், ரசீதும் குறிப்புகளும் வைத்த ஃபைலோடும் 11.11.2022 அன்று மாலை செவுத்துக்கடைக்குப் போனேன்.

சாமிதுரை பெட்டியைத் திறக்கவில்லை. பானட்டைத் திறந்து என் பழைய பல்பின் முனையில் மீட்டரை வைத்தார்.

"பேட்டரியில பன்னெண்டரை வோல்ட்டு இருக்கு. பல்புகிட்ட வரும்போது பத்தரைதான் இருக்கு. ரெண்டு வழியிலயே செத்துப்போவுது. ஒயரு நூலு மாதிரி கெடக்கு. பெரிய ஒயரா இழுத்து ஒரு ரிலே வெச்சுத் தரேன். பழைய பல்பே போதும்ண்ணே."

"நான் எல்லாம் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். எல்.இ.டி.யே போடுங்க."

"படிச்சதைக் கொறை சொல்லல. பல்பு உக்கார்ற இந்தக் குண்டா ஹாலஜனுக்குன்னு செஞ்சது. அதுல இதைப் போட்டா எடக்கு பண்ணும்."

"இதோட சிப்பு, பழைய பல்புல இழை இருந்த எடத்துலயே உக்காரும். ரெண்டு பக்கமும் பாத்து இருக்கணும், மேல கீழ பாக்கக் கூடாது. சரிதானே?"

அவர் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். "பரீட்சைக்கு வந்த மாதிரி இருக்கு. சரி, உக்காருங்க ஃபைல்காரரே."

அன்று முதல் எனக்கு அந்தப் பெயர்.

முதலில் பழைய பல்பின் வெளிச்சம் சுவரில் விழுந்த விளிம்பைச் சாக்பீஸால் வரைந்துகொண்டார். பிறகு எல்.இ.டி.யைப் பொருத்தி, அதன் விளிம்பு அதே கோட்டில் விழும்வரை பல்பின் கழுத்தைத் திருப்பித் திருப்பி வைத்தார். கடைசியாக உயரம். வெள்ளை வெளிச்சம் சுவரில் கத்தியால் நறுக்கியதுபோல் நின்றது. அதை எழுதித் தரும்படி கேட்டேன். இதற்குமுன் யாரும் அவரிடம் கேட்டதில்லை. ஒரு சீட்டில், 'வண்டி பார்த்தேன். டிப் வெளிச்சம் சரி. சா. சாமிதுரை' என்று எழுதித் தேதி போட்டுத் தந்தார். பழைய பல்புகளை நான் அவற்றின் பெயரும் கழற்றிய நாளும் எழுதி ஒரு டப்பாவில் வைத்தேன்.

19.1.2023, தை மாதப் பனி. விடியற்காலை ஐந்து மணி இருக்கும். எங்கள் ஊரில் மண்டி வைத்திருக்கும் வீரமணி என்ற வெங்காய வியாபாரியின் சரக்கு பதினெட்டு மூட்டை ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஒரு மொபெட் வந்தது. இருநூறடிக்கு மேல் இருக்கும்போதே டிப் அடித்துவிட்டேன். அந்த மொபெட் ஆடியது, சாலையை விட்டு இறங்கியது, பள்ளத்தில் சாய்ந்தது. நான் வண்டியை நிறுத்தி ஓடினேன். விழுந்தவர் தங்கராசு. மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குத் தம் காட்டில் மோட்டார் போடப் போனவர். காரை எலும்பு முறிந்திருந்தது. நான்தான் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அனுமதிச் சீட்டில் அழைத்து வந்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. நகல் வைத்திருக்கிறேன்.

தங்கராசு புகார் தரவில்லை. அவர் சொன்னது ஒன்றுதான்: "எதிர எதுவுமே தெரியலைங்க. ஒரே வெள்ளை." ஆனால் அவர் மனைவி மருதாயி வீரமணியின் மண்டிக்கு நேரே போய்விட்டார். வீரமணி நான்கு பேர் முன்னிலையில் என்னிடம் சொன்னார்:

"டிப் அடிக்கத் தெரியாதவன் கையில என் சரக்கைக் குடுத்துட்டேன். கண்ணு கூசுற மாதிரி பல்பைப் போட்டுக்கிட்டு ஐபீம்லயே ஓட்டுறியாம். இனிமே என் லோடு உனக்கு இல்லப்பா."

அந்தப் பருவத்தில் குன்னத்தில் லோடு என்றால் வீரமணிதான். அவர் சொன்னால் மற்றவர்களும் கேட்பார்கள். என் வண்டி வாசலில் நின்றது. நான் டிப் அடித்தேன் என்பதும், வெளிச்சம் சரி என்று எழுத்தில் இருக்கிறது என்பதும் யாருக்கும் தேவைப்படவில்லை. 24.1.2023 அன்று ஏழு பக்கத்தில் விளக்கம் எழுதி, சாமிதுரையின் சீட்டு நகல் உட்பட நான்கு இணைப்புகளோடு வீரமணியிடம் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து மண்டிக்குப் போனபோது அதன் பின்பக்கத்தில் மூட்டை எடை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பதினாறாவது நாள், அதாவது 4.2.2023 அன்று, செவுத்துக்கடைக்குப் போனேன். சீட்டு சிறியதாக இருந்ததால்தான் மதிக்கவில்லை என்று நினைத்தேன். முழுத்தாளில், விரிவாக, வெளிச்சம் முறைப்படி வைக்கப்பட்டது என்று எழுதி வாங்க வேண்டும். நடந்ததை எல்லாம் சொன்னேன். சாமிதுரை ஒரு லாரியின் டைனமோவைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு வண்டியில என்ன இருந்துச்சு?"

"வெங்காயம். பதினெட்டு மூட்டை."

"நான் பாத்தப்போ?"

"காலி வண்டி."

"நீங்க உக்காந்திருந்தீங்க."

"ஆமா. நீங்கதான் எறங்க வேணாம்னீங்க."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"உங்களை எடை போட்டேன்" என்றார். "வெங்காயத்தை விட்டுட்டேன்."

எனக்கு உடனே புரியவில்லை. அவர் ஒரு பலகையை எடுத்து, அதன் ஒரு முனையைக் கையால் அழுத்திக் காட்டினார். மறுமுனை மேலே போனது. பின்பக்கம் பாரம் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கும். மூக்கு தூக்கினால் வெளிச்சமும் தூக்கும்.

"அப்ப பழைய பல்புல ஏன் யாரும் சொல்லலை?"

"அதுவும் தூக்கித்தான் அடிச்சிருக்கும். அதுக்குக் கண்ணைக் குத்துற தெம்பு இல்ல. இதுக்கு இருக்கு. அந்தச் சீட்டைக் கொண்டாங்க."

நான் தரவில்லை. அசல் எதையும் நான் யாரிடமும் தருவதில்லை. தவிர, என் பக்கம் இருந்த ஒரே சான்று அதுதான். அதை அவர் கிழித்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம்? வெளியே சொல்ல வேண்டாம், விளக்கை மட்டும் சரிசெய்து கொடுங்கள் என்று கேட்டேன். இப்போது எழுதும்போது அது எனக்குப் பெருமை தரவில்லை. ஆனாலும் கேட்டேன். சாமிதுரை கோபப்படவில்லை.

"நீங்க டிப் அடிச்சது நெசம். அவருக்குக் கண்ணு தெரியாமப் போனதும் நெசம். அப்ப தப்பு நடுவுல எங்கயோ நிக்குது. அது என் செவுத்துல நிக்குதுண்ணே. நாளன்னைக்கு நான் குன்னம் வரேன்."

"வந்து இதைச் சொன்னா உங்க கடைக்கு எவன் வருவான்?"

"வர்றவன் வருவான். வாங்க, டீ குடிப்போம்."

6.2.2023 மாலை. சாமிதுரை கடையைச் சாத்திவிட்டுப் பேருந்தில் வந்து இறங்கினார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் நாடா, தூக்குக்குண்டு, சாக்பீஸ், கறுப்புக் கண்ணாடி. முதலில் தங்கராசு வீட்டுக்கு என்னை அழைத்துப் போகச் சொன்னார். தங்கராசு கழுத்தில் தொட்டில் கட்டிய கையோடு கட்டிலில் இருந்தார். மருதாயி என்னைப் பார்த்ததும், "காயிதம் கொண்டாந்திருக்கியா? வெச்சுட்டுப் போ, அடுப்பு பத்தவைக்க ஆவும்" என்றார்.

"அவரு கொண்டாரலைங்க. நான்தான் வந்தேன்" என்றார் சாமிதுரை. "வெளக்கு வெச்சவன் நான். ஒங்க வூட்டுக்காரரு கொஞ்சம் மண்டி வரைக்கும் வந்து பாக்கணும். அவரு கண்ணுதான் இதுக்குச் சாட்சி."

"ஒடைஞ்ச தோளோட வர்றாராம். வேற வேலை இல்ல?"

"போயிட்டு வரேன் புள்ள" என்று தங்கராசு எழுந்துவிட்டார். மருதாயி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

வீரமணியின் கிடங்குச் சுவர் சாம்பல் நிறம். சாமிதுரை அதைத் தடவிப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோல் தலையை ஆட்டினார். இருட்டத் தொடங்கியிருந்தது. இருபத்தைந்து அடி அளந்து என் காலி வண்டியை நிறுத்தினார். "நீங்க உக்காருங்க" என்றார் என்னிடம். கோடு போட்டார். டிப் அடிக்கச் சொன்னார். வெளிச்சம் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நேராக நின்றது. நவம்பரில் நின்ற இடத்திலேயே நின்றது.

"சரியாத்தானே இருக்கு" என்றார் வீரமணி.

"இப்ப ஒங்க மூட்டையை ஏத்தச் சொல்லுங்க. பதினெட்டு."

வீரமணிக்கு விளையாட்டாக இருந்தது. சுமை ஏற்றும் ஆட்களிடம் கையசைத்தார். நான் வண்டிக்குள் உட்கார்ந்து முன்னால் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது மூட்டை விழுந்தபோது வெளிச்சம் கோட்டைத் தொட்டது. பத்தாவதில் தாண்டியது. ஒவ்வொரு மூட்டைக்கும் அது ஒரு படி ஏறியது. பதினெட்டாவது மூட்டை ஏறியபோது வெளிச்சத்தின் விளிம்பு முன்பு நின்ற இடத்திலிருந்து ஒரு சாண் மேலே இருந்தது. சாமிதுரை விரலை விரித்து வைத்து அளந்தார்.

"இங்க ஒரு சாணுன்னா நூறடி தள்ளி மூணு அடி" என்றார். பிறகு வண்டியைச் சாலைப் பக்கம் திருப்பச் சொல்லி, நூறடி அளந்து, அங்கே ஒரு மொபெட்டை நிறுத்தித் தங்கராசை அதில் உட்கார வைத்தார். மருதாயி அருகில் நின்றுகொண்டார். நான் டிப் அடித்தேன்.

தங்கராசின் நல்ல கை தானாக உயர்ந்து கண்ணை மறைத்தது.

"இதுதான்" என்றார். "இதேதான் அன்னைக்கு."

வீரமணி என் அருகே வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். முழு வெளிச்சத்தைக் காட்டும் நீலநிற ஐபீம் அடையாளம் எரியவில்லை. ஸ்விட்ச் கீழே இருந்தது. இரண்டு முறை பார்த்தார்.

சாமிதுரை எல்லாரும் கேட்கும்படி, ஆனால் உரக்கப் பேசாமல் சொன்னார்: "இவரு டிப் அடிச்சுத்தான் வந்திருக்காரு. வெளிச்சத்தைக் காலி வண்டியில வெச்சு அனுப்புனது நான். வெங்காயம் ஏத்துற வண்டின்னு தெரிஞ்சே வெச்சேன். தப்பு என்னுது."

மருதாயிதான் ஆரம்பித்தார்.

"இத்தன வருசமா வெளக்கு வெக்கிறீரு. வண்டியில மூட்டை ஏத்துவாங்கன்னு ஒமக்குத் தெரியாதா? பல்லக்கா அது, சும்மா தூக்கிட்டுப் போவ?"

"தோணாமப் போச்சு தாயி."

"ஒரு மனுசன் தோளு போச்சு."

"போச்சு."

அவர் எதையும் மறுக்காததால் மருதாயிக்கு மேற்கொண்டு திட்ட வழியில்லை. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "சாப்ட்டீரா?" என்று கேட்டார்.

வீரமணிக்குள் வேறொரு கணக்கு ஓடியிருக்க வேண்டும். "என் வண்டி ஆறுக்கும் நீதானேப்பா வெளக்கு வெச்ச?" என்றார்.

"ஆமாங்க. ஆறையும் பாரத்தோட கொண்டாங்க. தப்பாத்தான் இருக்கும்."

அன்றே என் விளக்கைத் தாழ்த்தித் தருவதாகச் சாமிதுரை சொன்னார். பாரத்தோடு தாழ்த்தினால் எல்.இ.டி.யும் ஒழுங்காக நிற்கும் என்றார். நான் இருக்கையின் அடியிலிருந்து டப்பாவை எடுத்து அவரிடம் நீட்டினேன். பழைய ஹாலஜன் பல்புகள், கழற்றிய நாளோடு. முதல் நாள் அவர் சொன்ன ஒயரும் ரிலேயும் போடுங்கள், இவையே போதும் என்றேன். அவர் பல்பை வெளிச்சத்தில் பிடித்து, இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்தார்.

"படிச்சதெல்லாம் என்ன ஆச்சு ஃபைல்காரரே?"

"படிச்சதுல வெங்காயம் வரலை."

அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

மறுநாள் செவுத்துக்கடையில் தடித்த ஒயர் இழுத்தார். பாரம் ஏற்றியே விளக்கை நிலைப்படுத்தினார். மஞ்சள் வெளிச்சம்தான். ஆனால் சாலையின் ஓரக்கல் வரை தெளிவாகத் தெரிகிறது. காலி வண்டியில் திரும்பும்போது வெளிச்சம் கொஞ்சம் கிட்டத்தில் விழும். மெதுவாக வருகிறேன். இரண்டு நாள் கழித்து வீரமணியிடமிருந்து அழைப்பு வந்தது: "காலையில நாலு மணிக்கு வண்டி வேணும்." வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை. எழுத்திலும் எதுவும் வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

சாமிதுரைக்கு அந்த மாசியும் பங்குனியும் வேலை குறைவு. குன்னம் பக்கத்து வண்டிகள் வேறு கடைகளுக்குப் போயின. மருதாயி பார்ப்பவர்களிடமெல்லாம், "தப்பு பண்ணுனா வந்து ஒத்துக்குற ஆளுகிட்டப் போங்க. மத்தவன் ஒத்துக்க மாட்டான், அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன். சித்திரையில் வண்டிகள் திரும்பின. இப்போது சரக்கு வண்டி எதையும் காலியாக அவர் பார்ப்பதில்லை. ஏற்றிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார். வெங்காயப் பருவத்தில் மாலைநேரம் மண்டபத்துக்கு எதிரே மூட்டையோடு வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. வரவேற்புக்கு வரும் விருந்தினர் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். மண்டப மேலாளர் இதுபற்றி ஒரு புகார்க் கடிதம் எழுதினார். பதில் எழுதித் தரச் சொல்லிச் சாமிதுரை அதை என்னிடம் கொண்டுவந்தார். ஒன்றரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். நகல் இருக்கிறது.

அந்தச் சீட்டை ஒயர் மாற்றிய நாளன்றுதான் அவரிடம் கொடுத்தேன். கிழிப்பதென்றால் கிழித்துக்கொள்ளட்டும் என்றுதான் கொடுத்தேன். அவர் அதைப் பானட்டின் மேல் வைத்து, காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, பழைய வரிக்குக் கீழே எழுதினார்: 'மேற்கண்டது காலி வண்டியில் பார்த்தது. பாரம் ஏற்றிப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது. 7.2.2023. சா. சாமிதுரை.'

மை காயும்வரை ஊதிவிட்டு, "இதை எங்க வெப்பீங்க?" என்று கேட்டார்.

"ஃபைல்ல மேல, முதல்ல" என்றேன்.